சூடான பழத்தட்டு: முந்திரிகையும் பொரித்த சீஸும்

மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று வளர்ந்த ஊரில், பழத்தோடு சீஸ் சேர்ப்பதைப் பெரிய புதுமையென்று சொல்ல முடியாது. பள்ளிக்கூட வாசலிலும் கோயில் வீதியிலும் விற்கிற அன்னாசித் துண்டுக்கும் இதே கணக்குத்தான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு நாலும் ஒரே கடியில் வரவேண்டும். இந்த அத்தியாயத்தில் செய்யப்போவதும் அந்தத் தின்பண்டம்தான். உப்பு நிற்கும் இடத்தில் சீஸ் நிற்கிறது; பச்சையாகத் தின்னும் பழம் ஒருமுறை அடுப்பில் ஏறி இறங்குகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் செய்முறையில் பாதி தானாகவே விளங்கிவிடும். சீஸ்தான் உப்பு என்றால் பழத்துக்கு வேறு உப்புப் போடக்கூடாது. உப்பைப் போலவே சீஸும் அளவு தவறினால் பழத்தை அமுக்கிவிடும். கடையில் வாங்கும் செடார் என்றால் பழத்தின் எடையில் கால்வாசி போதும். வீட்டில் திரித்த சீஸ் என்றால் அரைவாசி வரை போகலாம். பழம் புளிப்புள்ளதாக இருக்கவேண்டும். வெறும் இனிப்புப் பழத்தின் மேல் சீஸை வைத்தால் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்து திகட்டும். இரண்டாவது துண்டை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். பேரிக்காயும் அத்திப்பழமும் வைத்து எழுதிய மேல்நாட்டுச் செய்முறைகள் இங்கே சரிவராததற்குக் காரணமும் இதுதான். அங்கே சீஸ் காரசாரமானது, ஆகவே பழம் சாதுவாக இருக்கலாம். நமக்குக் கிடைக்கிற சீஸ் சாதுவானது, ஆகவே பழம் முரட்டுப் பழமாக இருக்கவேண்டும்.

ஏன் சூடாகக் கொடுக்கவேண்டும் என்று கேட்கலாம். கொழும்பு விருந்துகளில் அன்னாசியையும் சீஸையும் பல்லுக்குத்தும் குச்சியில் குத்தி வைப்பார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் அது நன்றாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசி மாதத்து மாலை நேரம், விறாந்தையில் முப்பது பாகைக்கு மேல் வெக்கை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த செடார் கால் மணித்தியாலத்தில் எண்ணெய் கசிந்து தோல்போல ஆகிவிடும். பழமும் வியர்க்கும். குளிராக வைத்திருக்க முடியாத இடத்தில் சூடாகக் கொடுப்பதே புத்தி. சூட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பழத்திலுள்ள தண்ணீரை அது வெளியேற்றுகிறது. தண்ணீர் குறையக் குறையப் புளிப்பும் இனிப்பும் இறுகி, சீஸின் உப்புக்கு ஈடு கொடுக்கும் நிலைக்கு வருகின்றன.

இலங்கையில் சீஸும் இனிப்பும் ஒரே தட்டில் சேர்ந்தது இன்று நேற்றல்ல. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் போன பிறகும் அவர்களுடைய வழிவந்த பறங்கியர் வீடுகளில் கிறிஸ்மஸ் காலை உணவாக முந்திரிகை வற்றல் போட்ட புரூடர் என்ற அப்பமும் சிவப்பு மெழுகு பூசிய ஈடம் சீஸும் தங்கிவிட்டன. பக்கத்தில் வாழைப்பழம் வைப்பவர்களும் உண்டு. நம்முடைய வீடுகளில் சீஸ் அந்தளவுக்கு நுழையவில்லை. பழைய தலைமுறைக்குத் தெரிந்தது பேணியில் வந்த கிராப்ட் சீஸ். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் மட்டும் திறக்கப்பட்ட பேணி. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லாத ஊரில் சீஸை எங்கே வைப்பது? போர் முடிந்து, குளிர்ப்பெட்டி வைத்த பெரிய கடைகள் பெருகிய பிறகுதான் அது சாதாரணச் சாமானாக மாறியது. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வளர்ந்த பேரப்பிள்ளைகள் ஆடி, ஆவணி விடுமுறையில் வந்து "அம்மம்மா, சீஸ் இருக்கோ?" என்று கேட்கத் தொடங்கியதும் ஒரு காரணம்.

எந்தச் சீஸ்?

கடையில் மூன்று வகை கிடைக்கும். முக்கோணத் துண்டாகவும் சதுரத் தாளாகவும் வருவது பதனிட்ட சீஸ். கொத்மலே, ஹெப்பி கவ் என்று பிள்ளைகளுக்கு வாங்குவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். அதில் சேர்க்கும் உப்புக்கள் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பதால் எந்தச் சூட்டிலும் வழுவழுப்பாக உருகும். பாணில் பூச நல்லது. பழத்தோடு சேர்த்தால் களி. இந்த வேலைக்கு வேண்டாம். இரண்டாவது, கட்டியாக வரும் செடார். அது உருகும், ஆனால் சூடு கூடினால் எண்ணெய் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரிந்து நிற்கும். ஆகவே செடாரை ஒருநாளும் நெருப்பின் மேல் நேரடியாகப் போடாதீர்கள். இறக்கி வைத்த சூடான பழத்தின் மேல் சீவித் தூவி, ஒரு நிமிடம் மூடி வையுங்கள். அந்தச் சூடே போதும்.

மூன்றாவது, பொரித்தாலும் உருகாத வகை. சைப்பிரஸ் தீவின் ஹலூமி இதற்குப் பேர்போனது. கொழும்பில் சில கடைகளில் கிடைக்கும், விலையைப் பார்த்தால் பசி போய்விடும். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேசிப்புளி விட்டுத் திரித்து வீட்டில் செய்யும் சீஸும் உருகாது. பாலைக் கொதிக்க வைத்துப் புளி விடும்போது பாலிலுள்ள இரண்டு வகைப் புரதங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன; புளி சுண்ணாம்புச் சத்தைக் கழற்றிவிடுகிறது. பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் அது இளகாது, மேற்புறம் மட்டும் பொன்னிறமாக முறுகும்.

சைவ வீட்டுக்காரருக்கு இதில் இன்னொரு நிம்மதி. வெளிநாட்டுச் சீஸ்களில் சிலவற்றைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியத்தால் உறைய வைக்கிறார்கள். நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதியம் பாவிப்பவர்களும் நிறையப் பேர், ஆனால் பெட்டியைத் திருப்பி வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு வருகிற விருந்தாளிக்குப் பெட்டியை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. தேசிக்காயும் பாலும் என்றால் கேள்வியே இல்லை.

சீஸ் திரித்தல்

பசுப்பால் இரண்டு லீற்றர். போத்தல் கணக்கில் வாங்குகிறவர்கள் மூன்று போத்தல் எடுங்கள். கொஞ்சம் கூடினால் குறையில்லை. வீட்டில் கறந்ததோ பக்கத்து வீட்டில் கறந்ததோ நல்லது. பெட்டியில் வரும் நீண்டநாட் பால் மிக உயர்ந்த சூட்டைக் கண்டது. அதைத் திரித்தால் உதிரியாகத்தான் வரும், பலகையாக நிற்காது. மாப்பாலிலும் அப்படித்தான். தண்ணீர் கலந்த பால் என்றால் இங்கே பிடிபட்டுவிடும்: நல்ல பால் இரண்டு லீற்றரில் முந்நூறு கிராம் அளவில் சீஸ் தேறவேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால் பால்காரரோடு கதைக்கவேண்டியதுதான்.

அடி கனத்த சட்டியில் பாலைக் காய்ச்சுங்கள். அடிப்பிடித்த வாசம் சீஸில் அப்படியே தங்கும் என்பதால் துழாவிக்கொண்டே நில்லுங்கள். பொங்கி எழும்பியதும் இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். நான்கு மேசைக்கரண்டி தேசிப்புளியில் அதே அளவு தண்ணீர் கலந்து, கரண்டி கரண்டியாக விடவேண்டும். ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் அகப்பையால் மெதுவாக ஒருமுறை சுற்றிவிட்டுப் பொறுத்திருங்கள். பால் திரண்டு, பிரிந்த நீர் வெள்ளை மாறி இளம்பச்சையாகத் தெளிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மிச்சப் புளியையும் ஊற்றிவிட்டால் சீஸ் விறைத்துச் சொரசொரப்பாகப் போகும்.

தோய்த்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் வடித்து, குழாய்த் தண்ணீரில் ஒருதரம் அலசுங்கள். துணியை முடிந்து கால் மணித்தியாலம் தொங்கவிட்டு, பிறகு தட்டையாக வைத்து மேலே பாரம் ஏற்றவேண்டும். அம்மிக் குழவி இருக்கிற வீட்டில் அதைவிட நல்ல பாரம் வேறில்லை. இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய சட்டி. இரண்டு மணித்தியாலத்தில் பலகைபோல இறுகிவிடும்.

அடுத்துச் சொல்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறுகிய சீஸில் உப்பே இல்லை. உப்பில்லாத சீஸ் இந்தத் தட்டில் தன் வேலையைச் செய்யாது. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 80 கிராம் கல்லுப்புக் கரைத்து ஆறவிடுங்கள். ஆனையிறவு உப்புக் கிடைத்தால் மண்ணில்லாமல் வடித்துக்கொள்ளுங்கள். சீஸைச் சுண்டுவிரல் கனத்தில் துண்டு போட்டு அந்த உப்புத்தண்ணீரில் மூன்று மணித்தியாலம் மூழ்க வையுங்கள். எடுத்துத் துடைத்து, மூடி, ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பொரிக்கும்போது உடையாது. இத்தனையும் முதல் நாள் வேலை. விருந்தாளி வந்து இருந்த பிறகு பால் காய்ச்சத் தொடங்காதீர்கள்.

முந்திரிகை

யாழ்ப்பாண முந்திரிகையைப் பற்றி வாங்குகிறவர்களுக்கு ஒரு பழைய குறை உண்டு: "பார்க்கக் கறுப்பு, வாயில வைச்சாப் புளி." குறை உண்மைதான். உரும்பிராய், ஊரெழு, கோண்டாவில், இணுவில் பக்கத்துச் செம்மண்ணில் பந்தல் போட்டு வளர்க்கும் கொடிகளில் பெரும்பங்கு இஸ்ரேல் புளூ என்ற இனம். நிறம் முந்திக்கொண்டு கறுத்துவிடும். இனிப்பு பின்னால்தான் வரும். வௌவாலுக்கும் கள்ளனுக்கும் மழைக்கும் பயந்து தோட்டக்காரர் நிறம் வந்ததுமே குலையை வெட்டிவிடுகிறார். முந்திரிகை மாம்பழத்தைப்போல வைத்துப் பழுக்க வைக்கக்கூடியதல்ல. வெட்டிய அன்றைக்கு இருந்த இனிப்புத்தான் கடைசிவரை. கொழும்புக் கடைகளில் அடுக்கியிருக்கும் வெளிநாட்டு முந்திரிகைக்குப் பக்கத்தில் நம்முடையது தோற்றுப்போவது இதனால்தான்.

ஆனால் இந்தத் தட்டுக்கு நமக்கு வேண்டியது அந்தப் புளி முந்திரிகைதான். விதையில்லாத பெரிய இறக்குமதிப் பழத்தை அடுப்பில் வைத்தால் சீனிப்பாகு மாதிரித்தான் வரும். நம்முடைய பழத்தின் தடித்த தோல் சூட்டில் சுருங்கி, உள்ளிருக்கும் சாறோடு கரு ஊதாக் குழம்பாகும். அதன் துவர்ப்பும் சீஸின் கொழுப்பை வெட்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை கண்ட குலைகளை மட்டும் தவிருங்கள். சாறு நீர்த்து, காம்படியில் பூசணம் ஏறியிருக்கும்.

பூசணக்கொல்லி தெளிக்காமல் இங்கே முந்திரிகை வளர்ப்பது கடினம். ஆகவே கழுவுவதில் சோம்பல் கூடாது. குலையை ஓடும் தண்ணீரில் அலசி, காம்பிலிருந்து பழங்களைப் பிரித்து, உப்புத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் இருதரம் கழுவுங்கள். துணியில் பரப்பி ஈரம் போகக் காயவையுங்கள். ஈரப்பழம் தாச்சியில் அவியும், வதங்காது.

ஆறு பேருக்கு அரைக் கிலோ முந்திரிகை வேண்டும். பழத்தை இரண்டாக வெட்டி விதையை எடுங்கள். அலுப்பான வேலைதான், வீட்டில் சும்மா இருக்கிறவரிடம் கொடுத்துவிடலாம். சின்ன வெங்காயம் எட்டு, நீளவாக்கில் நாலாக வெட்டியது. பனங்கட்டி 25 கிராம் அளவில். குட்டானில் வரும் பனங்கட்டியில் சிலவேளை மண்ணும் சுண்ணாம்புத் துகளும் இருக்கும்; கருப்பநீர் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவித்தானே இறக்குகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடித்துக்கொண்டால் பல் தப்பும். செத்தல் மிளகாய் ஒன்று, விதையோடு நொருக்கியது. மிளகு அரைத் தேக்கரண்டி, கொரகொரப்பாக இடித்தது. கறுவா ஒரு சிறு துண்டு. கறிவேப்பிலை ஒரு நெட்டு. நல்லெண்ணெய்.

அகன்ற தாச்சியை நன்றாகச் சூடேற்றி ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கறிவேப்பிலையைப் பொரித்து எடுத்துத் தனியே வையுங்கள். அதே எண்ணெயில் கறுவாவும் வெங்காயமும். வெங்காயம் ஓரம் சிவந்ததும் முந்திரிகையைப் போடுங்கள். இனி நெருப்பு கூடுதலாகவே இருக்கட்டும். குறைந்த நெருப்பில் பழம் தண்ணீர் விட்டுத் தளர்ந்துபோகும். கூடிய நெருப்பில் தண்ணீர் விட்டவுடனேயே ஆவியாகிவிடும். கிளறிக்கொண்டே இருக்கவும் வேண்டாம், அரை நிமிடத்துக்கு ஒருதரம் தாச்சியைக் குலுக்கினால் போதும். நாலைந்து நிமிடத்தில் தோல் சுருங்கி, சாறு கொப்பளிக்கத் தொடங்கும். அப்போது பனங்கட்டிக் கரைசலை விடுங்கள். முதலிலேயே விட்டால் பழம் வேகும்முன் பாகு கருகும்.

பதம் பார்க்க, தட்டகப்பையால் தாச்சியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு மூன்று நொடி நின்று மெல்ல மூடினால் இறக்கிவிடலாம். மூடவே இல்லையென்றால் ஜாம் ஆகிவிட்டது. ஒரு கரண்டி தண்ணீர் விட்டு இளக்குங்கள். இறக்கிய பிறகுதான் மிளகும் செத்தல் மிளகாயும். ருசி பார்த்துப் பனங்கட்டியின் இனிப்பு முந்தினால் ஒரு தேக்கரண்டி வினாகிரி விடுங்கள். உப்புக் குறைகிறதே என்று கை போகும், போகவிடாதீர்கள். சீஸ் இன்னும் வரவில்லை.

இந்தப் பழக்கூட்டைக் காலையிலேயே செய்து வைக்கலாம். பின்னேரம் சூடாக்கும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

சேர்ப்பது

வீட்டுச் சீஸ் 250 கிராம். துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். தோசைக்கல்லிலோ ஒட்டாத சட்டியிலோ ஒரு மேசைக்கரண்டி நெய் விட்டு, நடுத்தர நெருப்பில் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். முதலில் சடசடவென்று சத்தம் கேட்கும்; அது உள்ளிருக்கும் நீர். அந்தச் சத்தம் அடங்கும்வரை திருப்பாதீர்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் முறுகிய தோல் கல்லோடு போய்விடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம், மறுபக்கத்துக்கு அதற்கும் சற்றுக் குறைய.

பொரித்த சீஸ் பத்து நிமிடத்தில் இறப்பர் மாதிரி ஆகிவிடும். ஆகவே எப்போது பொரிப்பது என்பதுதான் இந்தப் பண்டத்தின் முழுச் சூட்சுமமும். யாழ்ப்பாணத்து விருந்தாளி ஐந்து மணிக்கு வருகிறேன் என்றால் ஆறரைக்கு வருவார். வந்ததும் "ஒண்டும் வேண்டாம், இப்பதான் சாப்பிட்டு வந்தனாங்கள்" என்பார். முதலில் தேத்தண்ணியைக் கொடுங்கள். தேத்தண்ணி பாதி குடித்து, ஊர்க்கதை தொடங்கியதும் குசினிக்குள் போய்க் கல்லை வையுங்கள். நெய்யில் சீஸ் முறுகும் வாசம் விறாந்தைக்குப் போனபின் வேண்டாம் என்ற சொல் வராது.

வாட்டிய வாழையிலைத் துண்டை வட்டமாக வெட்டித் தட்டத்தில் விரித்து, சீஸை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேக்கரண்டி சூடான முந்திரிகைக் கூட்டு வைத்து, பொரித்த கறிவேப்பிலையை நொருக்கித் தூவுங்கள். குச்சி குத்த வேண்டாம், பழம் வழுக்கி மடியில் விழும். கையால் எடுக்கும் அளவில் துண்டு இருக்கட்டும். ஆளுக்கு மூன்று துண்டு கணக்கு. அதற்கு மேல் போனால் இராச்சாப்பாடு பாழ். நீரிழிவுக்காரர் இல்லாத வீடே இங்கு அரிது என்பதால் பழக்கூட்டைக் குறைத்து, மிளகைக் கூட்டிச் சில துண்டுகளைத் தனியே வைப்பதும் நல்லது.

குடிக்க என்ன என்று கேட்டால், நெல்லி ரசம் இதற்குப் பொருத்தம். 1928 இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் துறவியர் நெல்லி ரசத்துக்கும் முந்திரிகை வைனுக்கும் பெயர் பெற்றவர்கள். துவர்ப்பான பானம் ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு வாயைக் கழுவிவிடும். சோடா வகைகள் வேண்டாம். ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது.

மற்றப் பழங்கள்

முந்திரிகை கிடைக்காத காலத்தில் முதலில் கைபோகவேண்டியது பனாட்டில். ஆடிக்குப் பிறகு விழுகிற பனம்பழத்தைப் பிசைந்து, களியைப் பாயில் தடவி, வெயிலில் படைமேல் படையாகக் காயவைத்த பனாட்டு, சீஸுக்கென்றே பிறந்த பண்டம் என்பது என் எண்ணம். ஸ்பெயினில் சீமை மாதுளங் களியை இறுக்கிச் சீஸோடு உண்கிறார்கள். பிரேசிலில் கொய்யாக் களியையும் வெள்ளைச் சீஸையும் சேர்த்து அதற்கு ரோமியோ யூலியட் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாம் பனாட்டைத் தேங்காய்ச் சொட்டோடு நிறுத்திவிட்டோம். பனாட்டில் ஒரு மெல்லிய கைப்பு உண்டு. பனங்களியிலுள்ள சப்போனின் வகைப் பொருட்களால் வருவது. உப்பு கைப்பை அமுக்கும். செடாரிலுள்ள உப்பு அந்த வேலையைச் செய்துவிடுவதால், பனாட்டுப் பிடிக்காது என்கிற பிள்ளைகளும் இதை எடுப்பார்கள். கிறீம் கிராக்கர் விசுக்கோத்தின் மேல் விரலகலப் பனாட்டு, அதன்மேல் சீவிய செடார். சூடான தோசைக்கல்லில் வைத்து, மூடி, நெருப்பை நிறுத்துங்கள். இரண்டு நிமிடம். பாணிப் பனாட்டு என்றால் பாகை வடித்துவிட்டு வையுங்கள், அல்லது விசுக்கோத்து நமுத்துவிடும்.

வாழைப்பழத்தில் நீர்வேலிப் பக்கத்து இதரையும் கதலியும் நல்லவை, தோலில் இன்னும் பச்சை ஓரம் இருக்கும்போது. நீளவாக்கில் பிளந்து நெய்யில் இருபுறமும் சிவக்க வாட்டி, தேசிப்புளி தெளித்து, செடாரும் இடித்த செத்தல் மிளகாயும் தூவினால் முடிந்தது.

மாம்பழம் வரும்போது நாவை அடக்குங்கள். நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பானை அடுப்பில் வைப்பது பாவம். அதை வெட்டி அப்படியே தின்பதைவிட மேலாக எந்தச் சமையற்காரரும் ஒன்றும் செய்துவிட முடியாது. செங்காய்ப் பதத்திலுள்ள அம்பலவியோ செம்பாட்டானோ போதும். சாவகச்சேரிச் சந்தையில் பருவகாலத்தில் குவியலாகக் கிடக்கும். துண்டுகளைக் காய்ந்த கல்லில் எண்ணெயில்லாமல் சுட்டெடுத்து, முந்திரிகைக்குச் சொன்ன அதே மிளகும் மிளகாயும் போடுங்கள். பனங்கட்டி வேண்டாம்.

அன்னாசியில் ஒரு கவனம். பச்சை அன்னாசியிலுள்ள நொதியம் பாற்புரதத்தை அரித்துவிடும். வீட்டுச் சீஸோடு கலந்து அரை மணித்தியாலம் வைத்தால் சீஸ் தளர்ந்து கைக்கத் தொடங்கும். துண்டுகளை முதலில் தாச்சியில் நன்றாக வேகவிட்டால் நொதியம் செத்துவிடும், பிறகு பயமில்லை. பழுத்த பப்பாசி தண்ணீராக ஓடும். பலாப்பழம் சூடானால் வாசம் எழும்பி வீட்டையே பிடித்துக்கொள்ளும், சீஸ் இருப்பதே தெரியாது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பெட்டியில் வந்த சீஸ்

விடுமுறைக்கு வருகிற மருமகள் பயணப்பெட்டிக்குள் ஒரு வட்டப் பிறீ சீஸைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கலாம். வெள்ளைத் தோல் மூடிய, உள்ளே களிபோன்ற சீஸ். மாமியார்மார் அந்த வெள்ளையைப் பூஞ்சணம் என்று சுரண்டி எறிந்துவிடுவதுண்டு. அது பூஞ்சணம்தான், ஆனால் வேண்டுமென்றே வளர்த்தது, உண்ணலாம். சூட்டில் உருகும் உள்ளீட்டைத் தாங்கி நிற்கும் பாத்திரமும் அதுதான், ஆகவே கிழியாமல் பாருங்கள்.

அவண் இருந்தால் 180 பாகையில் பன்னிரண்டு நிமிடம். இல்லாவிட்டால் நம்முடைய ஆட்கள் முன்பு கேக் சுட்ட முறையே போதும். தடித்த சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல் போட்டுச் சூடேற்றி, நடுவில் ஒரு சிறு தட்டம் வைத்து, வாட்டிய வாழையிலையில் சீஸை இருத்தி, மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் பரப்புங்கள். கால் மணித்தியாலத்தில் நடுப்பகுதியைத் தொட்டால் அமுங்கும். எடுத்து, மேலே முந்திரிகைக் கூட்டைக் குவித்து, முந்தாநாள் வாங்கிய றோஸ் பாணை மெல்லிய துண்டாக வெட்டி மொறுமொறுப்பாக வாட்டிப் பக்கத்தில் வையுங்கள். புதுப் பாண் வேண்டாம், அது உருகிய சீஸில் ஊறிக் கையோடு வரும். இனிப்புக் குறைவாக இருந்தால் வன்னித்தேன் ஒரு கோடு விடலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் துண்டைக் கொடுக்காதீர்கள்.

மிச்சம்

முந்திரிகைக் கூட்டு மிஞ்சினால் கண்ணாடிப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு கிழமை நிற்கும். காலையில் ரொட்டியோடு தொட்டுக்கொள்ளலாம். பொரிக்காத சீஸை உப்புத்தண்ணீரோடு மூன்று நாள் வைக்கலாம், அதற்கு மேல் புளிக்கும். பொரித்து ஆறிப்போன துண்டுகளை மறுபடி பொரிக்காதீர்கள். பாற்கறிக்குள் கடைசிக் கொதியில் போட்டால் மெதுமையாகிவிடும். பால் திரித்தபோது பிரிந்த நீரைக் கொட்டாமல் வைத்திருந்தால், மறுநாள் ரொட்டிக்கு மாக் குழைக்கத் தண்ணீருக்குப் பதில் அதையே விடுங்கள். லேசான புளிப்பு இருப்பதால் தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போடவேண்டும்.